மெர்ல் ஹாஸ்கினின் முப்பத்தொரு துண்டுகள்

டெரிபங் ஊர் மண்டபத்தில் அந்த வியாழக்கிழமை மாலை கொதித்தது தேநீர்க் கொதிகலனா, மெர்ல் ஹாஸ்கினா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது.

நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப் போர்வையை விரித்திருந்தார்கள். எட்டடி அகலத்தில் ஒரு முழு வட்டம். மண்டபத்தின் நூறாவது வருஷத்துக்காக மெர்ல் ஐந்து மாதம் உட்கார்ந்து தைத்தது. ஊசி குத்தி அவள் விரல்களிலிருந்து போன ரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு காளைக்கே ஏற்றியிருக்கலாம். சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் அது மேடையில் தொங்கும். அதன் கீழே, ‘தைத்தவர்: மெர்ல் ஹாஸ்கின்’ என்று ஒரு பித்தளைத் தகடு மின்னும். எழுபத்தொரு வயதில் மெர்லின் பெயர் பித்தளையில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

கமிட்டித் தலைவன் ராய்டன் பக்கிள் ஒரு மர அளவுகோலால் ஒவ்வொரு துண்டாகத் தட்டி எண்ணினான். முப்பத்தொன்றில் கோல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தட்டினான். மறுபடியும் முப்பத்தொன்று.

“மெர்ல், ஒண்ணு குறையுது.”

“என்ன குறையுது?”

“துண்டு. ஊர்ல முப்பத்திரண்டு குடும்பம். முப்பத்திரண்டு துணி உன் கையில குடுத்தோம். இங்க முப்பத்தொண்ணுதான் இருக்கு.”

“படத்துல இடமே அவ்வளவுதான் ராய்டன். நீ வரைஞ்சு குடுத்ததை ஒரு இழை மாறாம தைச்சிருக்கேன். ஒரு துணி மிச்சம். அதை எங்க வைக்கிறதுன்னு உன்னைக் கேக்கத்தான் வந்தேன்.”

திட்டம் ராய்டனுடையதுதான். ஊரைச் சுற்றி ஆறு குக்கிராமங்கள். அவை இருக்கிற திசையிலேயே வட்டத்தின் விளிம்பில் ஆறு புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற ஐந்தோடும் நேர்கோட்டால் சேர்க்க வேண்டும். கோடுகளுக்கு நடுவில் விழுகிற ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத்தின் பழைய துணி. ஒரு நாள் காலை முட்டை தின்றுகொண்டே இதைக் கண்டுபிடித்ததாக அவன் ஊரிலுள்ள செம்மறிகளைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இரண்டு புள்ளி வைத்தால் வட்டம் இரண்டு துண்டு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. இவ்வளவும் காகிதத்தில் வரைந்து எண்ணிப் பார்த்தது. ஆறாவது புள்ளிக்கு வரும்போது முட்டை ஆறிக்கொண்டிருந்ததால் வரையவில்லை, பதினாறை இரட்டித்துவிட்டான். முப்பத்திரண்டு! ஊரில் குடும்பங்களும் முப்பத்திரண்டு! அன்றிலிருந்து அவன் நடக்கும்போது தொப்பி தலைக்கு ஓரங்குலம் மேலேயே மிதந்தது.

“ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அடுத்தது என்ன? பால் குடிக்கிற பிள்ளையும் சொல்லும்” என்றான்.

“அப்போ அந்தப் பிள்ளையையே தைக்கச் சொல்லியிருக்கலாமே.”

“மிச்சம் நிக்கிற துணி யாரோடது?”

மெர்ல் கைப்பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் போட்டாள். ரோஜாப்பூப் போட்ட பழைய சமையல் ஏப்ரனின் ஒரு துண்டு. கமிட்டியில் இருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்ததில் ஜன்னல் திரைகள் எல்லாம் உள்பக்கமாக வந்து போயின.

அது யெல்லண்ட் குடும்பத்து ஏப்ரன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே கண்காட்சியில் கேக் போட்டிக்கு நடுவராக நின்ற க்வெண்டா யெல்லண்ட், மெர்லின் ஸ்பாஞ்ச் கேக்கில் கட்டைவிரலை மணிக்கட்டு வரைக்கும் இறக்கிப் பார்த்துவிட்டு, ‘நடுவில் கனம்’ என்று அட்டையில் எழுதி வைத்தவள். எல்லோரும் படிக்கிற மாதிரி, கொட்டை எழுத்தில். அன்றிலிருந்து க்வெண்டா வாங்குகிற கடையில் மெர்ல் ரொட்டி வாங்குவதில்லை. டெரிபங்கில் ரொட்டிக் கடை ஒன்றே ஒன்று. அதனால் வாரா வாரம் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி அடுத்த ஊருக்குப் போவாள்.

“ஓ, என்னோடதா?” என்று கொதிகலன் பக்கத்திலிருந்து க்வெண்டாவின் குரல் வந்தது. கப்பில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே வந்தாள். “முப்பத்திரண்டு வீட்டுல என் வீடு மட்டும் தவறிப்போச்சு. என்ன ஒரு ஆச்சரியம்!”

“பேர் வரிசைப்படி தைச்சேன்” என்றாள் மெர்ல். “பட்டியல் நான் போடல, இவன் போட்டது. நட்ட நடு முக்கோணம் தலைவர் குடும்பத்துக்குன்னு தன் பேரை முதல்ல எழுதிக்கிட்டான். மத்ததெல்லாம் ஏ, பி, சின்னு போகுது. ஒய்ல ஆரம்பிக்கிற குடும்பம் உன்னோடது ஒண்ணுதான். வரிசையில கடைசி. கடைசி ஆளுக்கு இடம் இல்ல.”

“இருபத்தேழு வருஷம் பொறுத்திருந்து பழி வாங்கிட்டே மெர்ல். கெட்டிக்காரிதான்.”

“பழி வாங்கணும்னா ஊசியால வாங்கமாட்டேன் க்வெண்டா. என்கிட்ட ட்ராக்டர் இருக்கு.”

ராய்டன் கோலால் மேஜையைத் தட்டினான். “போதும். சொந்தக் கோபத்தை ஊர்க் காரியத்துல காட்டக் கூடாது மெர்ல். ஏதாவது ஒரு பெரிய துண்டை ரெண்டா வெட்டி இதைச் சேர்த்துடு. ஊர் மன்னிச்சிடும். சனிக்கிழமைக்குள்ள இது ஏறலேன்னா போர்வை தொங்கும், உன் பேர் போட்ட தகடு தொங்காது.”

மன்னிக்கும்! அந்தச் சொல்தான் மெர்லின் உச்சந்தலையைத் திறந்துவிட்டது. ஒரு துண்டை வெட்டுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் வெட்டினால், ஆமாம், நான் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று ஊருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதைவிட எரிச்சல் இன்னொன்று. கடைசித் தையல் முடிந்து, மிச்சம் நின்றது க்வெண்டாவின் ஏப்ரன் என்று தெரிந்தபோது, அவள் சமையலறையில் ஒரு பாட்டை முணுமுணுத்தது உண்மை. செய்யாத குற்றம்தான், சந்தோஷம் மட்டும் பட்டுவிட்டாள். அதை இவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பதில் அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. ராய்டனின் கணக்குப்படி சரியாக இரட்டிப்பானது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் வண்டிக்குள் கத்தியதில் சாலையோர மரங்களிலிருந்த காலா என்கிற இளஞ்சிவப்புக் கிளிகள் மாவட்டத்தையே விட்டுப் பறந்தன.

வெள்ளிக்கிழமை முழுக்க வட்டம் போட்டாள். சாப்பாட்டுத் தட்டில் தக்காளி சாஸால் போட்டாள். சமையலறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டு, துண்டுக்கு ஒன்றாகக் காய்ந்த பட்டாணியை வைத்துப் பொறுக்கினாள். வண்டியின் கண்ணாடித் தூசியில் விரலால் போட்டாள். ஆறு புள்ளி, பதினைந்து கோடு. எண்ணினால் முப்பத்தொன்று. கண்ணாடி போட்டு எண்ணினாலும் முப்பத்தொன்று, கழற்றிவிட்டு எண்ணினாலும் முப்பத்தொன்று. சாயங்காலத்துக்குள் வீட்டில் கோடு விழாத வட்டமாக மிஞ்சியது நாயின் சோற்றுக் கிண்ணம் மட்டும்தான். நாய் அதன்மேல் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை வெயில் தார் உருகுகிற வெயில். காலை பத்து மணிக்கே மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ விற்கிற கடையில் சாஸ் போத்தல்கள் தாமாகவே கொதித்தன. மெர்ல் நேராகக் குதிரை பழக்குகிற டெஸ் டியர்னியிடம் போனாள். இரும்புக் குழாய் வேலி போட்ட அவனுடைய வட்டத் தொழுவம் மைதானத்தின் நடுவில் இருந்தது. ஒலிபெருக்கியும் அன்றைக்கு அவன் கையில்தான்.

“டெஸ், உன் தொழுவம் ஒரு மணி நேரம் வேணும். வைக்கோல் கட்டுற கயிறு எவ்வளவு வச்சிருக்கே?”

“உலகத்தைச் சுத்தி ரெண்டு சுத்து வரும். எதுக்கு, யாரையாவது கட்டிப்போடப் போறியா?”

“ஊரையே.”

டெஸ்ஸுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி எந்தக் குதிரையும் கொடுத்ததில்லை. அரை மணியில் தொழுவத்தின் ஆறு குழாய்களிலிருந்து ஆரஞ்சு நிறக் கயிறுகள் இடுப்பு உயரத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடின. மெர்ல் மைக்கைப் பிடுங்கினாள்.

“ராய்டன் பக்கிள்! எங்க இருந்தாலும் வா. உன் படத்தைத் தரையில போட்டிருக்கேன். வீட்டுக்கு ஒரு ஆள் இதுக்குள்ள வந்து, கட்டத்துக்கு ஒருத்தரா நிக்கட்டும். முப்பத்திரண்டு பேருக்கும் தனித்தனி இடம் கிடைச்சா, இந்த மைக்லயே க்வெண்டாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். தகட்டை நானே உருக்கிடறேன். கிடைக்கலேன்னா, முப்பத்தொண்ணுன்னு உன் வாயால நீ சொல்லணும். சத்தமா!”

ராய்டன் பரிசுக் காளைகளின் பக்கத்திலிருந்து வந்தான். முகத்தில் அவற்றைவிடக் கூடுதல் பெருமை.

“சரி, நான் ரெடி. இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன். யார் வெளிய நிக்கிறாங்களோ, அந்த வீட்டுத் துணி போர்வையிலயும் வெளியத்தான். நியாயம்னா நியாயம். தலைவர்ங்கிற முறையில நான் கடைசியா உள்ள வர்றேன்.”

ஜனங்கள் சிரித்துக்கொண்டே கயிறுகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நுழைந்தார்கள். ஒருவர் தொப்பி விழுந்தது, ஒருவர் முதுகு பிடித்தது, ஒருவர் கையிலிருந்த லாமிங்டன் கேக்கை ஈக்கள் தூக்கிக்கொண்டே போய்விட்டன. ஹாஸ்கின் வீட்டுக்காக மெர்லின் நாய் ஒரு கட்டத்தில் படுத்துக்கொண்டது. டெஸ் ஒலிபெருக்கியில் எண்ணினான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

முப்பதோடு இடம் தீர்ந்தது.

வெளியே க்வெண்டாவும் ராய்டனும் நின்றார்கள். க்வெண்டா கேக் பந்தலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கட்டைவிரலில் கிரீம்.

“முப்பதா?” என்று ராய்டன் சிரித்தான். “முப்பத்தொண்ணு கூட இல்ல! பாத்தீங்களாப்பா? இவ கயிறு கட்டினாலும் குறையுது, துணி தைச்சாலும் குறையுது. கோளாறு என் படத்துல இல்ல, இவ கையில!”

கூட்டம் குலுங்கியது. மெர்லின் காதுகள் சிவந்து, அங்கே முட்டை பொரிக்கலாம் என்கிற சூட்டுக்கு வந்தன. நேற்று நாற்பது தடவை முப்பத்தொன்று. இன்றைக்கு ஊர் பார்க்க முப்பது. அவள் தொழுவத்துக்குள் பாய்ந்து நடுவுக்குப் போனாள். எதிரெதிர்க் குழாய்களிலிருந்து வந்த மூன்று நீளக் கயிறுகளும் சரியாக ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. டெஸ் ஒழுங்கான மனிதன். ஒரே இடைவெளி விட்டு, ஒரு குழாய் விட்டு ஒரு குழாயில் கட்டியிருந்தான்.

“உன் ஒழுங்குல இடி விழ!” என்று கத்திக்கொண்டே மெர்ல் வேலியோரம் போய், ஒரு முனையில் கட்டியிருந்த ஐந்து கயிறுகளையும் கொத்தாக அவிழ்த்துப் பிடித்து, குறுக்குக் குழாயோடு நாலடி தரதரவென்று இழுத்தாள். செம்மறி மயிர் கத்தரிப்பவர்களுக்கு நாற்பது வருஷம் சமைத்துப்போட்ட கை அது. தொழுவமே வடக்கே ஓர் அங்குலம் நகர்ந்தது என்று இப்போதும் சொல்கிறார்கள்.

நடுவில் மூன்று கயிறுகளும் பிரிந்தன. அவற்றுக்கு இடையே ஒரு சின்ன முக்கோணம் கண் திறந்தது. பெரிய வாணலி வைக்கிற அளவு.

“முப்பத்தொண்ணு!” என்றாள் மெர்ல்.

க்வெண்டாவுக்கு எங்கே இடம் காலி என்று கண்டுபிடிக்க நடுவரின் கண். ராய்டன் தொப்பியைச் சரிசெய்வதற்குள் அவள் ஏழு கயிறு குனிந்து அந்த முக்கோணத்துக்குள் ஏறிவிட்டாள். அங்கே அவளுக்கு இரண்டு பாதம் வைக்க இடம் இருந்தது, மூச்சுவிட இடம் இல்லை.

“யெல்லண்ட் குடும்பம் நின்னாச்சு” என்றாள், கயிறுகள் மூன்று பக்கமும் வயிற்றை அழுத்த.

இப்போது வெளியே ராய்டன் மட்டும்.

“இன்னொண்ணும் திறக்கும்” என்றான். “அந்த முனையையும் நகர்த்து டெஸ்.”

நகர்த்தினான். முக்கோணம் சுருங்கிச் சுருங்கி, இல்லாமலே போய், மறுபக்கம் திறந்தது. க்வெண்டா திட்டிக்கொண்டே கூடவே தாவினாள். முப்பத்தொன்று. வேறொரு முனையை நகர்த்தினார்கள். முப்பத்தொன்று. ராய்டன் தானே மூன்று முனைகளை இழுத்தான். கட்டங்கள் ஒல்லியாயின, குண்டாயின, உள்ளே நின்றவர்கள் கயிறோடு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். எண்ணினால் முப்பத்தொன்று. கடைசியில் அவன் உள்ளே நுழைந்து கட்டம் கட்டமாக இடம் தேடினான்.

“இங்க ஆள் இருக்கு ராய்டன்.”

“இங்கயும் ஆள் இருக்குப்பா. கண்ணு தெரியலையா?”

“என் காலை மிதிச்சுட்டே! தலைவர்னா மிதிக்கலாமா?”

“கொஞ்சம் தள்ளி நிக்கிறது!”

“எங்க தள்றது? உன் ரெண்டு, நாலு, எட்டுக்கா?”

அவன் வேலி விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டிவிட்டது. மெர்ல் அவனை விடவில்லை. மைக்கை வாயோடு வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கி அலறியதில் கோழிப் பந்தலில் பதினேழு கோழிகள் ஒரே சமயம் முட்டையிட்டன.

“முட்டை தின்னுக்கிட்டே கணக்குப் போட்டா இப்படித்தான்! நல்லாக் கேட்டுக்கோ. கயிறு கட்டாத தொழுவம், ஒரே இடம். ஒரு கயிறு போட்டா ஒரு இடம் கூடுது. அந்தக் கயிறு இன்னொரு கயிறை உள்ள வெட்டுற ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒண்ணு கூடுது. கயிறு பதினஞ்சு. எதிர் எதிரா வெட்டிக்கிற இடம், எண்ணிப் பாரு, அதுவும் பதினஞ்சு. முதல்ல இருந்தது ஒண்ணு. பதினஞ்சும் பதினஞ்சும் ஒண்ணும் எவ்வளவு? மூணு கயிறு ஒரே இடத்துல படுத்துக்கிட்டா ஒண்ணு முழுங்கிடும், அதான் முதல்ல முப்பது. அதுக்கு மேல இந்த வட்டத்துல உன் தாத்தா வந்தாலும் இடம் இல்ல! என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சியே, ஒன்பது பேர் முன்னாடி! மன்னிக்கிறேன்னு சொன்னியே!”

ராய்டன் மைக்கை வாங்கினான். தொண்டையைச் செருமினான். “கமிட்டி சார்பில… துண்டுகளோட எண்ணிக்கை பத்தி ரெண்டு விதமான கருத்து…”

“கருத்தா?” என்றாள் மெர்ல். “டெஸ், வாசலைச் சாத்து. இவன் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கயிறைத் தாண்டக் கூடாது.”

டெஸ் சாத்திவிட்டான். வெயில் நேர் உச்சியில் நின்றது. முதல் நிமிஷம் சிரித்தார்கள். இரண்டாவது நிமிஷத்தில் யாரோ, “இறைச்சிப் பை ஆறுது, சொல்லித் தொலை ராய்டன்” என்றார். மூன்றாவது நிமிஷத்தில் எல்லோருமே கத்த ஆரம்பித்தார்கள். அப்போது நடுவிலிருந்து ஒரு குரல் மற்ற எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வந்தது.

“எனக்கு விலா எலும்பு ஒடியுது! அவ எண்ணினது சரி, நீ எண்ணவே இல்ல. சொல்லுடா முட்டாளே!”

க்வெண்டா யெல்லண்ட்.

மெர்ல் அவளைப் பார்த்தாள். க்வெண்டா வேறெங்கோ பார்த்தாள்.

“முப்பத்தொண்ணு” என்றான் ராய்டன்.

“கேக்கல.”

“முப்பத்தொண்ணு! மெர்ல் தப்பு பண்ணல. நான் ஆறாவதை எண்ணிப் பாக்கல. போதுமா?”

போதவில்லைதான். வேலியோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, போர்வையை மடியில் பரப்பி, அத்தனை பேரும் பார்க்க மெர்ல் நட்ட நடு முக்கோணத்தின் தையலைப் பிரித்தாள். அதில் இருந்தது பக்கிள் குடும்பத்தின் ஊதா வெல்வெட், ராய்டனின் தாத்தா மண்டபத்தைத் திறந்துவைத்த அன்று போட்டிருந்த கோட். அதை எடுத்தாள். ரோஜாப்பூ ஏப்ரனை வைத்துத் தைத்தாள். ஒவ்வொரு குத்தும் ராய்டனின் பெயரைச் சொல்லிக் குத்தியது. மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்தது.

“அப்போ எங்க வெல்வெட்?” என்று ராய்டன் மெதுவாகக் கேட்டான்.

“விதி நீ போட்டது. வெளிய நின்னவன் துணி வெளிய” என்றாள். ஆனாலும் தூக்கிப் போடவில்லை. போர்வையின் பின்பக்கம், தொங்கவிடுகிற கழியைச் செருகும் பட்டையாக அதைத் தைத்தாள். “சுவரைப் பாத்துக்கிட்டு மொத்த ஊரையும் தூக்கட்டும். தலைவர் வேலை அதுதானே?”

நான்கு மணிக்குப் போர்வை மேடையில் ஏறியது. கீழே பித்தளைத் தகடு வெயிலில் அடித்த அடியில் முன்வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெர்ல் தன் பெயரை நாலு தடவை படித்தாள். எழுத்துப் பிழை இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு க்வெண்டா மட்டும் மேடையேறினாள். போர்வை முன்னால் நின்று ஓரத்திலிருந்து நடு வரைக்கும் தையலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோஜாப்பூவில் நின்றாள். கட்டைவிரலை நீட்டி அதன்மேல் அழுத்தினாள், அழுத்தி எடுத்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “நடுவுல கொஞ்சம் கனம்.”

திங்கட்கிழமை காலை மெர்ல் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் ரொட்டி வாங்கினாள்.